அப்பா நடந்து பழக்கிய ஷூ

ஆண்டுக் கடைசி விடுமுறை நெருங்கிவிட்டால் போதும், ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் திடீரென்று பாசம் பொங்கிவிடும். அந்தப் பாசத்தையெல்லாம் வண்ணக் காகிதத்தில் சுற்றி, டேப் ஒட்டி, ரிப்பன் கட்டிக் கொடுக்கிற வேலை பெரியவளுக்கு. பல மாடிக் கடை அது. தரைத்தளத்தில், நகரும் படிக்கட்டு வந்து இறங்குகிற இடத்துக்கு எதிரே பரிசு கட்டும் மேசை. மேசைக்குப் பின்னால் நாற்காலி கிடையாது. உட்கார்ந்துகொண்டு கட்டினால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவாம், எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ. காலையில் வந்து நின்றால் கடை சாத்தும்வரை நிற்க வேண்டியதுதான்.

நிற்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வருகிறவர்கள் கேட்கிற கேள்விகளைத்தான் தாங்க முடியாது. "எங்க மாமனாருக்கு இந்தக் கலர் பிடிக்குமாம்மா?" என்பார் ஒருவர். உங்கள் மாமனாரை நான் எந்த ஜென்மத்தில் பார்த்தேன் என்று நாக்கு நுனிவரை வரும். "ரொம்பப் பிடிக்கும் சார்" என்று சொல்லிவிட்டு டேப்பைப் பல்லால் கடிப்பாள். இன்னொருத்தி கட்டி முடித்து ரிப்பனும் வைத்த பிறகு, "விலைச் சீட்ட எடுத்தீங்களா?" என்பாள். மறுபடியும் பிரிக்க வேண்டும். பக்கத்தில் நின்று கட்டுகிறவளை எல்லோரும் ரிப்பன் அக்கா என்றே கூப்பிடுவார்கள். உதட்டை அசைக்காமல் திட்டுவதில் கெட்டிக்காரி. அவள் இருப்பதால்தான் பெரியவளுக்குச் சாயங்காலம்வரை பொழுது ஓடியது.

இந்தக் கூத்துக்கு நடுவில் பெரியவள் தன் வீட்டுக்கும் ஒரு பெட்டி கட்ட வேண்டியிருந்தது. அவளுடைய தம்பி ராணுவத்தில் இருந்தான். வீட்டில் இவள் பெரியவள், அவன் சின்னவன். அவனுடைய படைப்பிரிவைக் கடல் தாண்டி வேறொரு நாட்டில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். விடுமுறைக் காலத்தில் குடும்பத்துக்கு ஒரு பெட்டி என்று ராணுவ அலுவலகத்தில் வாங்கி, மொத்தமாக ஏற்றி அனுப்புவார்கள். சொன்ன தேதிக்குள் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் அந்த ஆண்டு அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் கூப்பிட்டபோது, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பாவின் கட்டில்மேல் வைத்திருந்தார்கள்.

"உனக்கு என்னடா வேணும்? அக்கா கடையில எல்லாம் இருக்கு, வாயத் திறந்து கேளு" என்றாள் அம்மா.

"ஒண்ணும் வேணாம்மா. இங்க எல்லாம் குடுக்குறாங்க. ஷூ மட்டும் போதும். அப்பா போட்டு நடந்த ஷூ."

அம்மாவும் பெரியவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று பெரியவள் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"அதுக்கென்னடா, பிரமாதம்! நாளைக்கே ஆரம்பிச்சிடறேன்."

போனை வைத்ததும் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நாளைக்கே நடக்க ஆரம்பிக்க அப்பாவுக்குக் கால் இல்லை. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. சின்னவனுக்கு அது தெரியாது.

அப்பா மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் வேலையில் இருந்தவர். தெருத்தெருவாக, மாடிமாடியாக நடந்தே சம்பாதித்து ஓய்வு பெற்றவர். ஏதோ ஒரு வீட்டு நாய் இடது கணுக்காலைப் பதம் பார்த்ததிலிருந்து அந்தக் காலை லேசாக இழுத்துத்தான் வைப்பார். சின்னவன் பயிற்சிக்குப் போன புதிதில், புது ஷூ கடித்து இரண்டு குதிகாலும் தோல் உரிந்து, வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்று போனில் அழுதான். "புது ஷூவ எவனாவது நேரா கால்ல மாட்டுவானா, மண்டு" என்று திட்டிவிட்டு அப்பா தானே ஒரு ஜோடி வாங்கினார். இரண்டு பேருக்கும் ஒரே ஒன்பதாம் நம்பர். அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். தோல் இளகி, மடிய வேண்டிய இடத்தில் மடிந்ததும் துடைத்து அனுப்பினார். காலில் ஷூ இருப்பதே தெரியவில்லை என்று அன்றைக்குச் சின்னவன் சொன்னான். அதிலிருந்து ஒவ்வொரு ஆண்டும் பெட்டியில் அப்பா நடந்த ஷூ ஒன்று போகும், வேலை முடிந்தபின் அவன் போட்டுக்கொள்ள. உங்கள் வீட்டில் பழைய ஷூவையா அனுப்புகிறார்கள் என்று கூட இருக்கிறவர்கள் கிண்டல் செய்வார்களாம். செய்தால் செய்துவிட்டுப் போகட்டும் என்பான்.

பிறகு அப்பாவுக்குச் சர்க்கரை வந்தது. விரலிடுக்கில் ஒரு சின்னப் புண் வந்தது. தானாக ஆறிவிடும் என்று மனுஷன் பிடிவாதமாக இருந்ததில் அது காலையே கொண்டுபோயிற்று. மருத்துவமனைக் கட்டிலில் மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்டது தண்ணீர்கூட இல்லை, சத்தியம்.

"சின்னவன்கிட்ட மூச்சு விடக் கூடாது. அவன் கையில துப்பாக்கியோட நிக்கிறான். கவனம் முன்னாடி இருக்கணும், என் கால்ல இருக்கக் கூடாது. கேட்டாலும் லீவு குடுக்க மாட்டாங்க. வேலை முடிஞ்சு வரட்டும், வந்து பார்த்துக்கட்டும்."

அந்த நேரத்தில் யார்தான் மாட்டேன் என்பார்கள்? பெரியவள் தலையை ஆட்டினாள். ஆட்டிய தலைக்குத் தண்டனையாக ஒவ்வொரு வாரமும் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். வீடியோவில் அப்பாவின் முகம் மட்டும் தெரிகிற மாதிரி போனைப் பிடிப்பாள். "அப்பா எங்க?" என்றால் கடைக்குப் போயிருக்கிறார் என்பாள். யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார், எந்தத் தெரு முனையில் நின்றார் என்றெல்லாம் அவளாகவே சேர்த்துச் சொல்வாள். ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொன்று. கடையில் நின்ற களைப்பைவிட இந்தக் களைப்புதான் அவளுக்கு எலும்புவரை இறங்கியிருந்தது.

"கடையில அந்த மாடல் வரலன்னு சொல்லிடலாமே" என்றாள் அம்மா.

"அக்கா அதே கடையிலதானே இருக்கா, வேற மாடல் எடுக்கச் சொல்லுன்னுவான். அவன் காதுல பூ சுத்த முடியுமா?" என்றாள் பெரியவள்.

"புதுசாவே அனுப்பிட்டா?"

"அப்பா ஏன் நடக்கலன்னு முதல் கேள்வியே அதுதான் வரும். எல்லாம் இவரால வந்தது. யாரு வாயக் குடுக்கச் சொன்னா?"

அப்பா கட்டிலில் சாய்ந்தபடியே அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஏன், நீ போட்டு நட. உனக்குக் கால் இல்லையா?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. பிறகு அவரே உடம்பு குலுங்கச் சிரித்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். பெரியவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, அவள் இரண்டையும் செய்யவில்லை.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் ஆண்கள் பிரிவுக்குப் போனாள். மற்றவர்களின் மாமனாருக்கும் மச்சானுக்கும் என்ன பிடிக்கும் என்று கூசாமல் சொல்கிறவள், சொந்தத் தம்பிக்கு என்ன எடுப்பது என்று தெரியாமல் அலமாரி அலமாரியாக நின்றாள். பர்ஸ் எடுத்தால் அங்கே அதில் எதை வைப்பான்? வாசனைத் தண்ணீர் போடுவானா? மீசை வைத்திருக்கிறானா எடுத்துவிட்டானா என்பதே வாரத்துக்கு வாரம் மாறியது. கடைசியாக வந்தபோது சர்க்கரை போடாமல் டீ குடித்தான். எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு, "ரொம்ப நாளாச்சே" என்றான். அந்த ரொம்ப நாள் இவளுக்குத் தெரியாமல் எங்கே போயிற்று என்று அன்றைக்கே அவளுக்கு வருத்தமாக இருந்தது. கடைசியில் தடித்த காலுறை, காலுக்குப் போடுகிற பவுடர், ஒரு சீட்டுக்கட்டு, கைக்கு அடக்கமான டார்ச் என்று எடுத்தாள். அம்மா ஒரு கம்பளித் தொப்பியும் ஒரு பருத்தித் துண்டும் வாங்கி வரச் சொல்லியிருந்தாள். "அங்க குளிரா, வெயிலாம்மா?" என்று இவள் கேட்டதற்கு, "கேட்டா ரெண்டும்னு சொல்றான். ரெண்டையும் வாங்கு" என்றாள்.

ஷூ பிரிவுக்காரர் பழுப்பு நிறத்தில் ஒன்பதாம் நம்பர் கொண்டுவந்து வைத்தார். அவள் கைவிட்டு உள்ளே அமுக்கிப் பார்த்தாள். தோல் பலகை மாதிரி இருந்தது. இதை இளக வைப்பதற்குள் தன் உயிர் போய்விடும் என்று நினைத்துக்கொண்டே எடுத்தாள்.

அன்றைக்கே தொடங்கிவிட்டாள். ஷூவின் முன்பக்கத்தில் பழைய துணியைத் திணித்து, காலுறைமேல் காலுறை போட்டு மாட்டினால் ஏதோ காலில் நின்றது. மேசைக்குப் பின்னால் யார் காலைப் பார்க்கப் போகிறார்கள் என்பது அவள் கணக்கு. ஆனால் எதற்கும் மூக்கு வியர்க்கிற ரிப்பன் அக்கா அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னடி இது, யாரோட படகு?"

"என் தம்பிக்கு. நடந்து பழக்கி அனுப்பணும்."

"உங்கப்பாதானே அதெல்லாம் செய்வாரு?" என்று கேட்டவள், பெரியவளின் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை. அப்பாவின் கால் விஷயம் அவளுக்குத் தெரியும். சற்று நேரம் கழித்து, "கீழ ஏதாவது எடுக்கணும்னா என்கிட்ட சொல்லு, நீ குனியாத. குனிஞ்சா அப்படியே கவுந்துடுவ" என்றாள்.

காகிதம் தீர்ந்தால் பின்கட்டுக் கிடங்குவரை போய் எடுத்துவர வேண்டும். பெரியவள் டொக்கு டொக்கு என்று நடந்து போகும்போது வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தளக் கண்காணிப்பாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து, "என்ன சத்தம்?" என்றார். "டிராலி சார்" என்றாள் ரிப்பன் அக்கா, கண்ணை இமைக்காமல். இப்படியே பெரியவள் இரண்டு வாரத்துக்கு மேல் ஓட்டினாள். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினால் பெருவிரல்கள் இரண்டும் சிவந்திருக்கும். வெந்நீரில் கால் வைக்க வேண்டும் என்று தினமும் நினைப்பாள். அப்பாவுக்குக் கட்டு மாற்றி, மாத்திரை கொடுத்து, அம்மாவுக்கு முழங்காலில் தைலம் தேய்த்துவிட்டு நிமிரும்போது வெந்நீர் போட யாருக்குத் தெம்பு இருக்கிறது?

ஒரு சாயங்காலம் அப்பா ஷூவைக் கொண்டுவரச் சொன்னார். மடியில் வைத்துக்கொண்டு அடியைத் திருப்பினார், வளைத்தார், உள்ளே கைவிட்டுப் பார்த்தார்.

"இது நின்ன ஷூ. நடந்த ஷூ இல்ல."

பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் என்ன சும்மாவா நின்னேன்? காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் இதப் போட்டுக்கிட்டு உயிரை விடறேன்!"

"கோவிச்சுக்காதடி. அடி தேயவே இல்ல பாரு. என்னோடதுன்னா இடது குதிகால் வெளிப்பக்கமா சாய்ஞ்சு தேயும். வந்ததும் அவன் அதத்தான் திருப்பிப் பார்ப்பான். போட்டுக்கிட்டு இப்படியும் அப்படியும் நட, நான் பாக்கறேன்."

அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு குறுகலான நடை. அதில் அவள் நடந்தாள். அப்பா கட்டிலில் இருந்து கழுத்தை நீட்டிக் கத்தினார். "இழுடி! இடது கால இழு! இழுக்கச் சொன்னா நொண்டுற. நான் என்ன நொண்டியா?" என்றார். பிறகு, "அப்ப இல்ல" என்று சேர்த்துக்கொண்டார். அவளுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே போனாள், திரும்பினாள். நாலைந்து தடவை போய்வந்ததும் கால் தானாகப் பிடித்துக்கொண்டது. வலதை வைத்து, இடதைத் தரையோடு ஒட்டி ஒரு இழுப்பு. சிறு வயதிலிருந்து கேட்ட சத்தம் அவள் காலுக்குக் கீழேயே எழுந்தது.

சமையலறையில் பாத்திரம் உருளுகிற சத்தம் நின்றது. அம்மா ஈரக் கையோடு வாசலுக்கு வந்தாள்.

"என்னங்க, டீ வைக்கட்டு..." என்று தொடங்கியவள், நடையில் மகள் நிற்பதைப் பார்த்தாள். கட்டிலில் இருக்கிறவரைப் பார்த்தாள்.

"வீட்டுக்குள்ள நடக்காத. வெளிய எங்கயாவது போய் நட" என்று சொல்லிவிட்டு அம்மா திரும்பிப் போனாள். அன்றைக்கு அவள் யாரோடும் பேசவில்லை.

அதனால் பெரியவள் வெளியே நடந்தாள். பஸ்ஸை விட்டுவிட்டு, வேலைக்கும் நடந்தே போனாள், வேலையிலிருந்தும் நடந்தே வந்தாள். மூடிய கடைகள், மழைத்தண்ணீர் தேங்கிய ஓரங்கள், பள்ளிக்கூடச் சுவர், பெட்ரோல் பங்க் என்று எல்லாவற்றையும் இடது காலை இழுத்துக்கொண்டே தாண்டினாள். குதிகாலில் கொப்புளம் வந்து உடைந்து மறுபடியும் வந்தது. ரிப்பன் அக்கா தன் பையிலிருந்து பஞ்சும் பிளாஸ்திரியும் எடுத்துக் கொடுத்து, "உன் தம்பிக்கு ஒரு ஜோடி ஷூ, கூடவே உன் ஒரு ஜோடி கால், ரெண்டையும் பெட்டியில போட்டு அனுப்பிடு" என்றாள். ஷூவின் மேல் தோலில் குறுக்கே மடிப்பு விழத் தொடங்கியது. பெரியவள் பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கோடுகளை ஆசையோடு தடவிப் பார்த்தாள். அவள் கால் எங்கே மடிந்ததோ அங்கே அவை விழுந்திருந்தன.

கடைசி நாளுக்கு முந்தின நாள் அப்பா மறுபடியும் ஷூவை வாங்கிப் பார்த்தார். அடியைப் பார்த்ததும் திருப்தியாகத் தலையை அசைத்தார். மேலே திருப்பி மடிப்பின்மேல் கட்டைவிரலை வைத்தார். கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தார்.

"என்னப்பா, சரியில்லையா?"

"போதும். துடைச்சுப் பெட்டியில வை."

பெட்டி போயிற்று. அதைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்த அன்றைக்கு, வழியில் மறுபடியும் காலை இழுத்துக்கொண்டு நடப்பதைப் பெரியவள் கவனித்தாள். காலில் இருந்தது அவளுடைய சொந்தச் செருப்பு. கவனித்தும் சரிசெய்யத் தெம்பில்லை, அப்படியே வீடு வந்தாள்.

விடுமுறைக்கூட்டம் உச்சத்தில் இருந்த ஒரு மதியம் சின்னவன் அவளுடைய கைபேசிக்குக் கூப்பிட்டான். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவான், அதுவும் அம்மாவின் எண்ணுக்கு. கையில் இருந்த பொட்டலத்தை ரிப்பன் அக்காவிடம் தள்ளிவிட்டு, சரக்கு ஏற்றுகிற பின்பக்கப் படிக்கட்டுக்கு ஓடினாள்.

"என்னடா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. பெட்டி வந்துச்சு."

"அப்பாடா! எல்லாம் சரியா இருந்ததா? தொப்பி அம்மா வாங்கச் சொன்னது, சிரிக்காத."

"அக்கா, அப்பா எங்க?"

"வீட்டுலதான். எங்க போவாரு? இந்நேரம் கடைப்பக்கம்..."

"அக்கா."

அவள் நிறுத்தினாள்.

"அடியெல்லாம் சரியா தேஞ்சிருக்கு. முதல்ல அதத்தான் பார்த்தேன், சரிதான்னு மாட்டிக்கிட்டேன். நாலு எட்டு வெச்சதும் மேல கடிக்குது. என் விரல் மடங்குற இடம் ஒண்ணு, ஷூ மடங்குற இடம் ஒண்ணு. அப்பா நடந்தா அப்படி ஆகாது, அவர் காலும் என் காலும் ஒண்ணு. இது சின்னக் கால் நடந்த ஷூ. அம்மா முழங்கால வெச்சுக்கிட்டு நடக்க மாட்டாங்க. நீதான் நடந்திருக்க."

பெரியவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். இனிமேல் பூசி மெழுக ஒன்றும் இல்லை. அப்பாவுக்குச் செய்த சத்தியம் ஒருபக்கம், கடல் தாண்டித் துப்பாக்கியோடு நிற்கிற தம்பி ஒருபக்கம். மாதக்கணக்கில் இரண்டுக்கும் நடுவில் நின்று நின்று அவளுக்குச் சலித்துப்போயிருந்தது. சொல்லிவிட்டாள். புண்ணிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும், மூச்சு விடாமல்.

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அவள் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"எந்தக் கால்?" என்றான்.

"இடது."

"அப்ப அந்தக் குதிகால் தேஞ்சிருக்கே..."

"நான்தான் தேய்ச்சேன். அவர் கட்டில்ல இருந்துக்கிட்டு இழு இழுன்னு கத்தினாரு."

அவன் சிரித்த மாதிரி இருந்தது. பிறகு அது சிரிப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கீழே யாரோ அட்டைப்பெட்டிகளை மிதித்துத் தட்டையாக்கிக்கொண்டிருந்தார்கள்.

"உன் கால் எப்படி இருக்கு?" என்றான் கடைசியில்.

இத்தனை மாதத்தில் யாரும் அவளைக் கேட்காத கேள்வி அது. கேட்டிருந்தாலும், இருக்கு, நல்லாயிருக்கு என்று தட்டிவிட்டுப் போயிருப்பாள்.

"வலிக்குதுடா" என்றாள். "ரொம்ப வலிக்குது."

"போய் வெந்நீர்ல வை. அக்கா, ஒண்ணு சொல்றேன், கேளு. எனக்குத் தெரியும்னு அப்பாகிட்ட சொல்லாத. நான் நிம்மதியா இருக்கேன்னுதான் அவர் நிம்மதியா இருக்காரு. நான் வர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

அவளுக்கு ஓவென்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஒரு மூட்டையை இறக்கி வைத்தோம் என்று மூச்சு விடுவதற்குள் இன்னொன்றைத் தூக்கித் தலையில் வைக்கிறான். "சரி" என்றாள். திரும்பிப் போய் மேசைக்குப் பின்னால் நின்றாள். "எங்க அண்ணிக்கு இது பிடிக்குமாங்க?" என்று ஒரு பெண் ஒரு குடையை நீட்டினாள். "எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள் பெரியவள். ரிப்பன் அக்கா திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண்ணோ, "அதுவும் சரிதான்" என்று குடையை மேசைமேல் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. கட்டில்மேல் போன். தலைமாட்டில் அப்பா, பக்கத்தில் அம்மா. சுவரோரம் பெரியவள்.

"அப்பா! ஷூ அருமைப்பா. போட்டதும் அப்படியே கால்ல உட்கார்ந்துடுச்சு. நீங்க நடந்தா நடந்ததுதான்."

"அப்படியா?" என்றார் அப்பா.

"இங்க எல்லாரும் கேக்குறாங்க, எங்க வாங்கினது, எப்படி இவ்வளவு இளக்கமா இருக்குன்னு. எங்கப்பா ஸ்பெஷல்னு சொன்னேன்."

"நல்லதுடா, நல்லது. உடம்பப் பார்த்துக்கோ."

சின்னவன் ஷூவைப் பற்றியே வெகுநேரம் பேசினான். அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. போனை வைத்ததும், "நான் பயந்தே செத்தேன். கடவுள் காப்பாத்தினாரு, அவன் கண்டுபிடிக்கவே இல்ல" என்று டீ போட எழுந்து போனாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் நடையில் ஒரு வேகம் இருந்தது.

அப்பா அவள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெரியவளைக் கையசைத்து அருகில் கூப்பிட்டார்.

"அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார் மெதுவாக.

"என்னப்பா சொல்றீங்க? இவ்வளவு நேரம் அவன்..."

"அதனாலதான் சொல்றேன். முதல் ஜோடிக்கு அப்புறம் அவன் எந்த வருஷம் ஷூவப் பத்திப் பேசினான்? 'வந்துச்சுப்பா'ம்பான். அவ்வளவுதான், அடுத்த பேச்சு. இன்னைக்கு வாய் ஓயல பாரு. மடிப்பு தப்பான இடத்துல விழுந்திருக்குன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நீ அவ்வளவு பாடுபட்டிருக்க, எப்படிச் சொல்ல மனசு வரும்?"

பெரியவள் சமையலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட சொல்லிடாத. பாவம், சமாளிச்சிட்டோம்னு நினைச்சுக்கிட்டிருக்கான். உங்கம்மாகிட்டயும் சொல்லாத. இன்னைக்குத்தான் சிரிச்சிருக்கா."

"ஆமா, சொல்லாத, சொல்லாத, சொல்லாத!" அம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று அந்தக் கோபத்திலும் அவள் குரலைத் தாழ்த்தியே பேசினாள். "அவனும் அதத்தான் சொல்றான், நீங்களும் அதத்தான் சொல்றீங்க. ஆளுக்கொண்ணு என் கையில குடுத்துட்டு நிம்மதியாப் போயிடறீங்க. நான் யார்கிட்டப்பா குடுக்கறது? கடையிலயும் நிக்கறேன், வீட்டுலயும் நிக்கறேன். என்னால முடியலப்பா. நிஜமாவே முடியல."

அப்பா அவள் குதிகாலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை அப்போதுதான் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். பிறகு சுவரில் கையூன்றிக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

"அந்த நாற்காலிய இழுத்துப் போட்டு உட்காரு. காலைத் தூக்கி இங்க வை."

"கட்டில்லயா? வேணாம்ப்பா. உங்க மேல கால் படும்."

"படறதுக்கு இந்தப் பக்கம் என்ன இருக்கு? இடம் சும்மாதானே கெடக்கு. வை."

அவள் தயங்கித் தயங்கிக் காலைத் தூக்கி, போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தில் வைத்தாள். அப்பா தன் தலையணைகளில் ஒன்றை உருவி அவள் குதிகால்களுக்குக் கீழே தள்ளினார். சமையலறையில் அம்மா தம்ளர்களை எடுக்கிற சத்தம் கேட்டது.